யாரோடும் பகையில்லாத குலத்துக்கு என்ன ஆபத்து?

கேள்வி:

ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு இரவு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி சோமாலியாவைச் சேர்ந்தவ. மொகதிஷுவின் பழைய நகரப் பகுதியான ஹமர் வெய்ன்தான் அவவின் பரம்பரை இடம். ரேர் ஹமர் என்ற சிறுபான்மைக் குலமாம். அவவின் தம்பி கென்யாவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கே வந்து அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறார். விசாரணை நெருங்கிவிட்டது.

“சண்டை பிடித்தது பெரிய குலங்கள். உங்களிடம் ஆயுதமும் இல்லை, யாரோடும் பகையும் இல்லை. உங்களை யார் கொல்லப்போகிறார்கள்? இப்போது அரசாங்கமும் இருக்கிறது. மொகதிஷு சரிவராது என்றால் வடக்கே போய் இருக்கலாமே?” என்று கேட்பார்கள், பதிலோடு வாருங்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறாராம்.

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம் உண்டு. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் பிரச்சினை என்னவென்று எங்களுக்கு விளங்கும். இவர்கள் எல்லோரும் ஒரே மதம், ஒரே மொழி என்கிறார்கள். அப்படியிருக்க, சண்டையிலேயே சேராத சனத்தை ஏன் தாக்க வேண்டும்? எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்கு நான் ஏதும் உதவி செய்யலாமா?

— ஒரு வாசகி, டொராண்டோ

பதில்:

சோமாலியாவில் அரசு விழுந்த பிறகு ஒரு மனிதரின் உயிருக்குக் காவலாக இருந்தது அவருடைய குலத்தின் பழிவாங்கும் வலிமை. அந்த வலிமை இல்லாத குலத்தில் பிறந்தவரை அடித்தால், அடித்தவருக்கு ஒரு சேதமும் வராது. உங்கள் தோழியின் குலம் தாக்கப்பட்டதற்குப் பகை தேவைப்படவில்லை. தாக்கியவர்கள் அதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். விசாரணையில் இதை நிலைநாட்டிவிட்டால் மற்ற வாதங்கள் தாமாக வந்து சேரும். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

சோமாலிய மேய்ச்சல் நிலங்களில் காவல் நிலையமும் நீதிமன்றமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஹேர் என்று அதற்குப் பெயர். எழுதப்படாத வழக்காற்றுச் சட்டம், மூத்தவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது. ஒரு கொலை நடந்தால் அதற்குக் கொன்றவன் மட்டும் பொறுப்பாவதில்லை. அவனுடைய தந்தைவழிப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து இறந்தவரின் பங்காளிகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். மக் எனப்படும் இந்த ஈடு, ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம், பெண்ணின் உயிருக்கு 50 என்பது வழக்கமான அளவு. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஐ.எம். லூயிஸ் 1961இல் வெளியிட்ட நூலில், ஈட்டைச் சேர்ந்து கொடுக்கவும் சேர்ந்து வாங்கவும் கடமைப்பட்ட இந்தப் பங்காளிக் கூட்டமே சோமாலிய அரசியலின் அடித்தளம் என்று காட்டினார். வன்முறையைப் பெருமளவு அடக்கி வைத்ததும் இதே ஏற்பாடுதான். ஒருவன் ஆத்திரத்தில் துப்பாக்கியை எடுத்தால் அவனுடைய சித்தப்பாவே கையைப் பிடித்து நிறுத்துவார். ஒட்டகத்தை அவரும் அல்லவா கொடுக்க வேண்டும்!

ஈடு கொடுக்க மாட்டேன் என்று ஒரு குலம் மறுத்தால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவர்கள் ஆயுதத்தோடு வருவார்கள். அந்த அச்சம்தான் மறுக்கவிடாமல் செய்கிறது. அந்த அச்சத்தை எதிராளிக்கு உண்டாக்க முடியாதவர்களுக்கு ஹேர் பெயரளவுக்குத்தான். அவர்கள் வீட்டில் ஒருவர் கொல்லப்பட்டால் ஈடு கேட்டுப் போக ஆளில்லை, போனாலும் கேட்டுக்கொள்ள ஆளில்லை.

ரேர் ஹமர் மக்கள் இந்த நிலைக்கு வந்தது எப்படி என்று பாருங்கள். மொகதிஷு, மெர்கா, பராவா ஆகிய கடற்கரை நகரங்களில் பல நூற்றாண்டுகளாக வாழும் பெனாதிரி மக்களில் ஒரு பிரிவினர் அவர்கள். அரேபியா, பாரசீகம் முதலிய இடங்களிலிருந்து கடல்வழி வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் கலந்து உருவான சமூகம். வணிகம், நெசவு, பொற்கொல்லர் வேலை என்று வாழ்ந்தவர்கள். ஹமர் வெய்னில் அவர்கள் தொழுத பக்ருத்தீன் பள்ளிவாசல் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இவர்களை யாரும் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கவில்லை. நகரத்து நாகரிகம் தெரிந்தவர்கள், வசதியானவர்கள் என்றுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். சிறுபான்மை என்றால் ஏழை என்றும் ஒதுக்கப்பட்டவர் என்றும் நினைக்கும் அதிகாரிகள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். இந்தக் குலத்துக்கு வசதி இருந்தது, கௌரவம் இருந்தது. பின்னால் நின்று துப்பாக்கி தூக்கும் பங்காளிப் படை மட்டும் இல்லை.

1991 ஜனவரி இறுதியில், நாட்டை ஆண்ட சியாத் பாரே மொகதிஷுவை விட்டு ஓடினார். ராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டு ஆயுதங்கள் தெருவுக்கு வந்தன. அவரைத் துரத்தி வென்ற ஹவியே குலத்துக்குள்ளேயே அலி மஹ்தியின் ஆட்களுக்கும் ஜெனரல் ஐதீதின் ஆட்களுக்கும் 1991 நவம்பரில் பெரும் சண்டை மூண்டு நான்கு மாதம் நீடித்தது. ரேர் ஹமர் மக்களின் பழைய குடியிருப்பான ஷங்கானி, இரு தரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு சிதைந்தது. குண்டுவீச்சு எல்லாருக்கும் பொது. ஆனால் வீடு புகுந்து நகையைப் பறிப்பது, குடும்பத்தை விரட்டிவிட்டு வீட்டில் குடியேறுவது, பெண்களைச் சீரழிப்பது, துப்பாக்கி முனையில் திருமணம் என்று சொல்லித் தூக்கிப்போவது ஆகியவற்றை எந்தக் கும்பலும் பயமின்றிச் செய்யக்கூடிய இடங்கள் இந்தத் தெருக்களாகவே இருந்தன. பராவா நகரத்தை மாறி மாறி வந்த படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொள்ளையிட்டன. தப்பியவர்கள் படகேறி மொம்பாசாவுக்குப் போனார்கள். வழியில் கடலுக்குப் பலியானவர்களும் உண்டு.

இதே காலத்தில் தெற்கே ஜுப்பா ஆற்றுப் படுகையில் நடந்ததையும் அந்தத் தம்பியின் வழக்கறிஞர் படித்துவைத்திருப்பது நல்லது. ஒப்பிட்டுப் பார்த்தால் வாதம் இன்னும் துலங்கும். அங்கே வாழ்பவர்கள் பாண்டு விவசாயிகள். அவர்களில் பலரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மலாவி, மொசாம்பிக் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பாரே ஆட்சியின் 1975 நிலச்சட்டத்தைப் பயன்படுத்தி, செல்வாக்குள்ளவர்கள் இவர்களுடைய ஆற்றோர வயல்களைத் தங்கள் பெயருக்குப் பதிவு செய்துகொண்டார்கள். போர் வந்ததும் பாரேயின் மிச்சப் படைகளும் அவரைத் துரத்தியவர்களும் மாறி மாறி வந்து, இவர்கள் குழி வெட்டிச் சேமித்த தானியத்தை அள்ளிப்போனார்கள். 1992 பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்களில் இவர்கள் இருந்தார்கள். மொகதிஷு வணிகரிடம் தங்கம் இருந்தது, ஜுப்பா விவசாயியிடம் சோளம் இருந்தது. நிறம், தொழில், வசதி, சமூக மதிப்பு எதிலும் இருவருக்கும் ஒற்றுமை கிடையாது. இருவரும் ஒரே விதமாகத் தாக்கப்பட்டார்கள் என்றால், இருவருக்கும் பொதுவானது எது? திருப்பி அடிக்க ஆளில்லாததுதான். அமெரிக்க ஆய்வாளர் லீ கசானெல்லி 1995இல் கனடாவின் குடிவரவு, அகதிகள் சபைக்காகவே தெற்குச் சோமாலியாவின் பலவீனமான குழுக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். விசாரணை நடத்தப்போகும் அதே சபை வெளியிட்ட அறிக்கை அது. வழக்கறிஞர் அதைத் தேடி எடுத்து முன்வைக்கட்டும்.

பெரிய குலத்தவர் பாதிக்கப்படவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1988இல் வடக்கிலுள்ள ஹர்கெய்சா நகரத்தை அரசே குண்டுவீசித் தரைமட்டமாக்கியபோது இஸாக் குலத்தவர் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். 1991இல் மொகதிஷுவில் தாரோத் குலத்தவர் குலப்பெயரைக் கேட்டுக் கேட்டுக் கொல்லப்பட்டார்கள். கொடுமையில் கூடக்குறைய என்று நான் அளக்க வரவில்லை. ஆனால் இஸாக் மக்கள் எத்தியோப்பியாவுக்கு ஓடிப் பின் தங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். தாரோத் மக்களுக்குத் தங்கள் குலம் பெரும்பான்மையாக வாழும் வடகிழக்குப் பகுதி இருந்தது. ரேர் ஹமர் மக்களின் சொந்த மண் என்பது மொகதிஷுவின் சில தெருக்கள். அவை பறிபோன பிறகு, நாட்டுக்குள் அவர்கள் ஒதுங்க ஓர் ஊர் கிடையாது.

காப்பாற்றிக்கொள்ள ஒரு பழைய வழி இருந்ததையும் சொல்ல வேண்டும். சிறிய குலம் ஒரு பெரிய குலத்தை அண்டி, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாழ்வது வழக்கம். பெரிய குலம் காவல் தரும், சிறியது பணமோ உழைப்போ விசுவாசமோ தரும். அமைதிக் காலத்தில் இது ஓரளவு ஓடியது. போரில் காவலனே வாடகை உயர்த்தும் வீட்டுக்காரனாக மாறினான். பெண்ணைக் கட்டிக்கொடு, காவல் தருகிறேன் என்றார்கள். கட்டிக்கொடுத்த பிறகு வீடும் அவர்களுடையதாயிற்று. ஆகவே “பெரிய குலத்தில் உன் அக்காவைக் கட்டியிருக்கிறார்களே, அது பாதுகாப்புத்தானே?” என்று கேட்டால், அந்தத் திருமணம் எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்வதே பதில்.

அதைவிட உயர்ந்த இன்னொரு வழக்கமும் சோமாலியரிடம் உண்டு. பெண்கள், குழந்தைகள், முதியோர், விருந்தாளிகள், மார்க்க அறிஞர்கள் ஆகியோர் மேல் போரில் ஈட்டி படக்கூடாது என்பது பழைய போர் நெறி. சோமாலியர்கள் பெருமைப்பட வேண்டிய நெறி அது. 1991இல் அது உடைந்து போயிற்று. நபிகளின் வம்சம் என்று மதிக்கப்படும் அஷ்ராப் குலத்தவரையே குலப்படைகள் விட்டுவைக்கவில்லை. அந்தக் குலத்து இளைஞர் ஒருவரின் வழக்கில் 2007 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நெதர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு குழு முழுவதுமே தொடர்ந்து தாக்கப்படும் நிலையில், “என்னைத் தனியாகக் குறிவைத்தார்கள்” என்று அவர் மேலும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கனடாவில் இது புதிதல்ல. லெபனான் போரிலிருந்து தப்பி வந்த ஒருவரின் வழக்கில் 1990இலேயே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உள்நாட்டுப் போர் நடக்கிறது என்பதால் கோரிக்கை அடிபட்டுப் போகாது. எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான அச்சமாக இல்லாமல், தன் குழுவைச் சேர்ந்தவன் என்பதால் வரும் அச்சமாக இருந்தால் போதும். முன்பே ஒருமுறை அடிபட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரே மொழி என்கிறீர்கள். அதுவும் முழு உண்மையல்ல. பராவா மக்களின் தாய்மொழி சுவாஹிலியோடு உறவுடையது. கிஸ்மாயோவை ஒட்டிய தீவுகளில் வாழும் பஜுனி மீனவர்கள் பேசுவதும் அந்த வகைதான். ஜுப்பா பாண்டு மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் சிகுவா மொழி பேசுகிறார்கள். ரேர் ஹமர் மக்களின் சோமாலியும் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டு ஒலிக்கும். வாயைத் திறந்ததும் குலம் தெரிந்துவிடும் என்பது ஷங்கானியில் சோதனைச் சாவடியைக் கடந்த எவருக்கும் தெரியும்.

இனி இன்றைய நிலை. இதில்தான் நிதானம் வேண்டும். மொகதிஷுவில் 1991 போலக் குலப்படைகள் தெருத்தெருவாகச் சுற்றுவதில்லை. 2011 ஆகஸ்டில் அல்-ஷபாப் ஆயுதக் குழு நகரத்தை விட்டு வெளியேறியது, 2012இல் கூட்டாட்சி அரசு அமைந்தது. பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம் 2014இல், அந்நகரில் குல வன்முறை இல்லை, சிறுபான்மையினர் மீதும் குல அடிப்படையில் பாகுபாடு இல்லை என்றே முடிவு செய்தது. அந்த வரியை யாராவது விசாரணையில் வாசித்துக் காட்டலாம். வாசித்தால் மீதியையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். அதே தீர்ப்பு, குலம் இப்போது முக்கியமாக உதவிக்கும் பிழைப்புக்குமான வலையாக இருக்கிறது என்கிறது. நெருங்கிய உறவோ பணமோ வேலை வாய்ப்போ இல்லாமல் திரும்பிப் போகிறவர் இடம்பெயர்ந்தோர் முகாமில் போய் விழும் ஆபத்தையும் அது ஏற்கிறது.

அந்த முகாம்களில் யார் இருக்கிறார்கள்? நாடு முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து கிடக்கிறார்கள். மொகதிஷு முகாம்களில் பாண்டு மக்களும் ரஹன்வெய்ன் குலத்து மக்களும் பெருந்தொகை. முகாம் வாசலைக் கையில் வைத்திருப்பவர்களோ நிலத்துக்கு உரிமை கொண்டாடும் வலுவான குலத்தவர்கள். வரும் நிவாரணப் பொருளில் அவர்களுக்குப் பங்கு போகும், அவர்களை மீறி யாரும் முகாமை விட்டுக் கிளம்பவும் முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2013இல் இதைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. அரசாங்கம் இருக்கிறதே என்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாடாளுமன்றத்தின் 275 இடங்களில் நான்கு பெரிய குலக் குடும்பங்களுக்குத் தலா 61. மிச்சமுள்ள எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து 31. ஒரு பெரிய குலத்தில் பாதி என்று இவர்களை வைத்துச் செய்த ஏற்பாடு இது. மக்கள்தொகையில் சிறுபான்மையினர் மூன்றில் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்று ஐ.நா.வின் 2002 ஆய்வு மதிப்பிட்டிருந்தது. போலீசும் ராணுவமும் இதே அதிகாரப் பங்கீட்டிலிருந்துதான் வருகின்றன. 2018இல் மொகதிஷுவில், பாண்டு இளைஞர் ஒருவர் பெரிய குலத்துப் பெண்ணை மணந்ததற்காக அந்த இளைஞரின் உறவினர் உயிரோடு கொளுத்தப்பட்டார். குலப்படைகள் தெருவில் இல்லாத ஆண்டு அது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

“வடக்கே போகலாமே” என்பதுதான் கடினமான கேள்வி. வழக்கு இதில் தோற்றுவிடலாம். நாட்டுக்குள்ளேயே வேறு இடத்தில் தஞ்சம் புகலாமா என்பதைக் கனடா அளக்கும் முறை, இலங்கைத் தமிழர்கள் நடத்திய வழக்குகளில் உருவானது. கொழும்பில் போய் இருக்கலாமே என்று நம்மவர்களிடம் கேட்டார்கள் அல்லவா, அந்த வழக்குகள்தான். 1991 தீர்ப்பு இரண்டு அளவுகோல் வைத்தது: அங்கே துன்புறுத்தலுக்கான கடும் வாய்ப்பு இருக்கக் கூடாது, அங்கே போய் வாழச் சொல்வது நியாயமானதாகவும் இருக்க வேண்டும். 1993 தீர்ப்பு அதை விரித்தது. போர்முனையைக் கடந்தோ, காட்டிலும் மலையிலும் ஒளிந்தோ வாழச் சொல்ல முடியாது. இடம் நடைமுறையில் போய்ச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டில், மறுபடியும் ஒரு தமிழர் வழக்கில், அளவுகோல் கடுமையானது. அங்கே எனக்கு உறவினர் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தான நிலைமை இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சோமாலியச் சிறுபான்மையினருக்கு இந்த மூன்றாவது தீர்ப்பு பொறியாகிவிடுகிறது. “வடக்கே எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை” என்று அவர்கள் சொல்வார்கள், அது போதாது என்று கோரிக்கை தள்ளப்படும். அந்தத் தம்பி அந்த இடத்தில் நிற்கவே கூடாது. கொழும்பில் உறவினர் இல்லாவிட்டால் தனிமை, கஷ்டம். சோமாலியாவில் பங்காளி இல்லாவிட்டால் அடித்தால் கேட்க ஆள் இல்லை, அதாவது அடிக்கலாம். ஈட்டுச் சட்டத்தை நான் இவ்வளவு விரித்துச் சொன்னது இதற்காகத்தான். உறவு என்பது அங்கே உயிர்க்காவல் என்று ஆதாரத்தோடு காட்டினால், நீதிமன்றம் கேட்கும் அதே ஆபத்துக்கு வந்து நிற்கிறோம். கூடவே வடக்கில் சிறுபான்மையினர் வாழும் விதத்தையும் காட்ட வேண்டும். சோமாலிலாந்தில் தோல்வேலை, கொல்லுவேலை செய்யும் கபோயே மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டு ஹர்கெய்சாவின் தாமிப் பகுதியில் அடைந்து கிடக்கிறார்கள். அங்கேயே பிறந்தவர்களுக்கு அந்தக் கதி என்றால், தெற்கிலிருந்து போகிறவரை எந்தக் குலம் ஏற்கும்?

நீங்கள் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. அக்காவையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்துக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ரேர் ஹமர் குலத்துக்குள் எந்தப் பிரிவு, எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல், என்ன தொழில், வீடு யார் கைக்குப் போயிற்று, எந்தக் குலத்தை அண்டினார்கள், அது எப்போது அறுந்தது என்று ஒவ்வொன்றாக. பெரிய குலத்தவர் சிலர் பெனாதிரி என்று சொல்லிக் கோரிக்கை வைத்தது உண்டு. ஆகையால் அதிகாரிகள் இதையெல்லாம் துருவிக் கேட்பார்கள். கென்யாவில் இருந்த காலத்தை மறைக்கவே வேண்டாம். பேச்சைப் பதிவு செய்து மொழி ஆய்வுக்கு அனுப்பும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது, அப்படிப்பட்ட அறிக்கைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி 2014இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. கென்யாவில் பல வருடம் இருந்தவரின் பேச்சில் சுவாஹிலி கலந்திருப்பது இயல்பு, அதை அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். அக்கா சாட்சி சொல்ல முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பெண்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டிவந்தால், அதற்கான தனி வழிகாட்டுதல் கனடாவில் 1993 முதலே இருக்கிறது. தம்பியின் முன்னால் சொல்ல முடியாததைத் தனியாகச் சொல்லவும் ஏற்பாடு கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தை மட்டும் இந்த வாரமே கவனியுங்கள். சபை ஏற்பாடு செய்பவர் ஒரு சோமாலியராக இருப்பார், பெரிய குலம் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனாலும் வீட்டைப் பறித்தவர்களின் குலத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தம்பிக்கு வாய் வராது. ரேர் ஹமர் பேச்சு விளங்கும் ஒருவர் வேண்டும் என்று வழக்கறிஞர் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். விசாரணை தொடங்கிய பிறகு ஆளை மாற்றச் சொன்னால் தேதி தள்ளிப்போகும், தயங்கியதையே குறையாகவும் எழுதிவிடுவார்கள்.